சனீஸ்வரனை அறிந்து வழிபட: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சனி மாற்றம் வரப்போகிறது என்றால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். கலியாணப் பேச்சைத் தள்ளிப்போடுவார்கள். கடை திறக்க இருந்தவர் யோசிப்பார். "உனக்கு ஏழரை தொடங்குதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இருபது வயதுப் பிள்ளை ஒன்று நித்திரை கொள்ளாமல் கிடக்கும். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காகத்தான். சோதிடமும் தெரியாது, கோயில் முறையும் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது என்று நிற்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முன்னமே சொல்லிவிட வேண்டும். சனி பகவானைக் கும்பிடப் போகுமுன், அவர் உங்கள் சாதகத்தில் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுப் பலனைக் கேட்டுப் பயந்தவர்கள்தான் தேவையில்லாத பரிகாரங்களுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். தன் சாதகத்தைத் தெரிந்தவருக்கு நிதானம் வரும், வழிபாட்டிலும் மனம் நிற்கும்.

அவர் யார்

சூரியனுக்கும் சாயாதேவிக்கும் பிறந்தவர் சனி. யமன் அவருக்கு அண்ணன் முறை. காகம் வாகனம், எள் தானியம், இரும்பு உலோகம், வன்னி சமித்து, மேற்குத் திசை, கறுப்பும் நீலமும் நிறம். இவ்வளவும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை, கும்பிடக் கும்பிடத் தானாக வந்துவிடும்.

தந்தைக்கும் மகனுக்கும் ஆகாது என்பது புராணம். அந்தப் பகையைச் சோதிடக் கட்டத்திலும் காணலாம். சூரியன் உச்சம் (மிகுந்த பலம்) பெறும் மேஷத்தில் சனி நீசம் (பலம் குன்றிய நிலை). சனி உச்சம் பெறும் துலாத்தில் சூரியன் நீசம். சூரிய சந்திரரின் வீடுகளான சிம்மத்துக்கும் கடகத்துக்கும் நேர் எதிரே இருக்கின்ற கும்பமும் மகரமும் சனியின் சொந்த வீடுகள். பெரும்பாலான கோயில்களில் நவக்கிரக சந்நிதியின் நடுவே சூரியன் கிழக்கு நோக்கி நிற்பார். அவருக்குப் பின்பக்கம் மேற்கே பார்த்தபடி நிற்பவர்தான் சனி. முதல்தரம் போகிறவர் அப்படிப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அவர் ஏன் மெதுவாக நடக்கிறார் என்பதற்கு எங்கள் ஊருக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்புகிறவர் குறைவு. அந்த இராவணன், தன் பிள்ளை இந்திரசித்து பிறக்கும் நேரத்தில் எல்லாக் கிரகங்களும் பதினோராம் இடத்தில் நிற்க வேண்டும் என்று கட்டளையிட்டானாம். பதினொன்று லாபத்தின் வீடு. அப்படி அமைந்தால் பிள்ளைக்குத் தோல்வியே கிடையாது. எல்லாரும் அடங்கி நின்றார்கள். சனி மட்டும் நேரம் நெருங்கியபோது ஒரு காலைப் பன்னிரண்டாம் வீட்டுக்குள் நீட்டிவிட்டார். பன்னிரண்டு விரயத்தின் வீடு. கோபத்தில் இராவணன் அந்தக் காலை அடித்து முடமாக்கினான் என்றும், அன்றிலிருந்து சனி நொண்டி நொண்டி மெல்ல நடக்கிறார் என்றும் சொல்வார்கள். பதினொன்று என்றால் என்ன, பன்னிரண்டு என்றால் என்ன என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும் என்பதால் நான் சோதிடம் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

வானத்திலும் அவர் மெதுவானவர்தான். ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 29½ ஆண்டு. பன்னிரண்டு இராசிக்குப் பிரித்தால் ஒரு இராசிக்கு இரண்டரை ஆண்டு. ஏழரைச் சனி (உங்கள் இராசிக்கு முந்திய இராசி, உங்கள் இராசி, அடுத்த இராசி மூன்றிலும் அவர் நடக்கும் ஏழரை ஆண்டு), முப்பது வருடச் சுற்று என்று நீங்கள் கேட்கும் எல்லாக் கணக்கும் இதிலிருந்து வருவதுதான். "முப்பது வருசம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருசம் தாழ்ந்தவனும் இல்லை" என்ற பழமொழிக்கும் மூலம் இதுவே.

முதல் வேலை: பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள்

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மற்ற எதையும் விட முக்கியமான படி இது. எத்தனை பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

உங்களிடம் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் தேடுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு, அம்மம்மா சாமியறைச் சுவரில் ஒட்டிவைத்த பழைய கலண்டர்த் தாள், எது கிடைத்தாலும் நல்லது. திருகோணமலைக்கு அட்சரேகை வடக்கு 8 பாகை 34 கலை, தீர்க்கரேகை கிழக்கு 81 பாகை 14 கலை. ஊரின் பெயரைப் போட்டாலே கைபேசிச் செயலி இதை எடுத்துக்கொள்ளும்.

நேரத்தில்தான் சிக்கல். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று 1996 மே 25 இல் நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 இல்தான் பழையபடி வந்தது. ஆக, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இலங்கை நேரம் இந்திய நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதோடு போகவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. எங்கள் மாவட்டத்தில் சம்பூர், மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பக்கம் பழைய நேரம், பட்டினத்தில் புது நேரம். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் காலத்தில் ஆட்கள் நாள் குறித்தார்கள்.

எனவே 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள், தங்கள் குறிப்பில் இருக்கும் நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள். உதாரணத்துக்கு 1999 இல் பட்டின ஆஸ்பத்திரியில் காலை 6.10க்குப் பிறந்தவரின் நேரம் பழைய கணக்கில் 5.40. செயலி இந்திய நேரம் என்று எண்ணி 6.10 ஐயே போட்டுக் கணித்தால் லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் இராசிப் புள்ளி, ஏழெட்டுப் பாகை தள்ளிப்போகும், சிலருக்கு லக்கினமே மாறிவிடும். லக்கினம் மாறினால் சனி நிற்கும் வீடும் மாறும். சந்திரன் அரை மணித்தியாலத்தில் கால் பாகை அளவே நகர்வதால் இராசி மாறுவது அபூர்வம். ஆனால் சனி தசையில் (பிறந்த நட்சத்திரத்தை வைத்துக் கணிக்கும் சனியின் ஆட்சிக் காலத்தில்) பிறந்தவருக்கு அந்தக் கால் பாகையே தசை இருப்பில் நாலைந்து மாத வித்தியாசத்தைக் கொடுத்துவிடும். நல்ல செயலிகளில் நேர வலயத்தைக் கையால் மாற்ற வழி இருக்கும். கிரீன்விச் நேரத்துக்கு முன்னே ஐந்தரை, ஆறு, ஆறரை மணித்தியாலம் என்ற மூன்றில் எது உங்களுக்குரியது என்று பார்த்துப் போடுங்கள். கையால் எழுதிய பழைய குறிப்பு என்றால் எழுதியவர் நேரத்தைத் திருத்தினாரா என்று ஒரு சாத்திரியாரிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது: ஒரே பஞ்சாங்கத்தில் நில்லுங்கள்

வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு எங்களிடம் புழக்கத்தில் உண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. மற்றக் கிரகங்களில் பெரிதாகத் தெரியாத வித்தியாசம், சனி மெதுவாகப் போகிறவர் என்பதால் மாதக்கணக்கில் விரிந்துவிடும். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. மீனத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி! உங்களுக்கு ஏழரை தொடங்கிவிட்டது என்று ஒருவரும், இல்லை இன்னும் இருக்கிறது என்று இன்னொருவரும் சொன்னால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பிறப்புக் குறிப்பை எந்த முறையில் கணித்தீர்களோ பெயர்ச்சியையும் அதிலேயே பாருங்கள். கோயிலில் நடக்கும் பெயர்ச்சி அபிஷேகத்துக்கு மட்டும் அந்தக் கோயில் பின்பற்றும் நாளில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது: கட்டத்தில் சனியைத் தேடுங்கள்

எங்கள் சாதகக் கட்டத்தில் இடதுபக்க மேல் மூலை மீனம். அதற்கு வலப்பக்கம் மேஷம், பிறகு ரிஷபம், மிதுனம் என்று கடிகாரம் சுற்றும் திசையில் போகும். "ல" என்று போட்ட கட்டம் லக்கினம். "சந்" என்று இருக்கும் கட்டம் உங்கள் இராசி. சனியைச் "சனி" என்றோ "ச" என்றோ எழுதியிருப்பார்கள். "ச" என்று மட்டும் இருந்தால் சந்திரனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லக்கினக் கட்டத்தை ஒன்று என்று வைத்துச் சனி நிற்கும் கட்டம் வரை எண்ணுங்கள். அது எத்தனையாம் வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பார்க்க வேண்டியவை: மகரத்திலோ கும்பத்திலோ இருந்தால் ஆட்சி, துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம். ஆட்சியோ உச்சமோ பெற்று லக்கினத்துக்கு 1, 4, 7, 10 இல் நின்றால் சச யோகம் என்ற நல்ல அமைப்பு என்பார்கள். ரிஷப லக்கினக்காரருக்கும் துலா லக்கினக்காரருக்கும் சனி யோககாரகர், அவர்களுக்கு அவர் அள்ளிக்கொடுப்பவர். "சனியைப் போல் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை" என்ற சொல்லின் முதற் பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லித் திரிவது எனக்கு ஏற்கவே முடியாத விசயம்.

தான் நிற்கும் இடத்திலிருந்து 3, 7, 10 ஆகிய வீடுகளைச் சனி பார்ப்பார். அந்தப் பார்வை விழும் வீட்டின் காரியங்கள் தாமதமாகும். தாமதம் என்பது மறுப்பு இல்லை. ஏழாம் வீட்டைப் பார்த்தால் கலியாணம் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். ஆயுள், தொழில், உடல் உழைப்பு, வேலையாட்கள், கடன், நாட்பட்ட நோய், முதுமை எல்லாவற்றுக்கும் அவரே காரகர், அதாவது பொறுப்பான கிரகம்.

நாலாவது: தசையும் கோசாரமும்

பூசம், அனுஷம், உத்தரட்டாதி மூன்றும் சனியின் நட்சத்திரங்கள். இவற்றில் பிறந்தவர்களின் வாழ்க்கை சனி தசையிலேயே தொடங்கும். 120 ஆண்டுத் தசைக் கணக்கில் சனியின் பங்கு 19 ஆண்டு. உத்தரட்டாதியில் பிறந்து, பிறக்கும்போது சனி தசை 10 வருடம் மிச்சம் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்து வயது வரை சனி, பிறகு புதன் 17 வருடம், அதாவது 27 வயது வரை. அடுத்த 7 வருடம் கேது, 34 வரை. 1996, 97 இல் பிறந்தவராக இருந்தால் அப்போதும் சனி மீனத்தில்தான் நின்றார், இப்போது ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வந்திருக்கிறார். இராசியும் மீனம் என்பதால் ஜென்மச் சனி. கேது தசைக்குள் ஜென்மச் சனி வந்தால் வேலை மாற்றம், இட மாற்றம், தனிமை எல்லாம் ஒன்றாக வந்தது போலத் தோன்றும். இதே ஜென்மச் சனி யோகமான தசை நடக்கும் ஒருவருக்கு வந்தால் உழைப்புக் கூடும், பொறுப்புக் கூடும், பதவியும் கூடும். இதனால்தான் பெயர்ச்சிப் பலனை மட்டும் வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

கோசாரத்தை, அதாவது கிரகம் இப்போது நடக்கும் இடத்தை, இராசியிலிருந்து எண்ண வேண்டும். சனி மீனத்தில் நிற்கும் இந்தக் காலத்தில் மேஷ இராசிக்குப் பன்னிரண்டில், அதாவது விரயச் சனி, ஏழரையின் தொடக்கம். மீனத்துக்கு ஜென்மச் சனி. கும்பத்துக்கு இரண்டில், பாதச் சனி என்ற கடைசி இரண்டரை ஆண்டு. சிம்மத்துக்கு எட்டில், அட்டமத்துச் சனி. தனுசுக்கு நாலில், அர்த்தாட்டமச் சனி. கன்னிக்கு ஏழில், கண்டகச் சனி. ரிஷபத்துக்குப் பதினொன்று, துலாத்துக்கு ஆறு, மகரத்துக்கு மூன்று என்பதால் இந்த மூவருக்கும் நல்ல காலம். மிச்ச மூன்று இராசிக்கும் நடுத்தரம்.

ஏழரைச் சனி வாழ்க்கையில் இரண்டு அல்லது மூன்று தரம் வரும். முதற் சுற்றை மங்கு சனி, இரண்டாவதைப் பொங்கு சனி, மூன்றாவதை மரணச் சனி என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றாவதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வயதானவர்களின் முகத்துக்கு நேரே பேசுவது கொடுமை. ஆயுளைத் தீர்மானிக்க எட்டாம் வீடு, அதன் அதிபதி, நடக்கும் தசை எல்லாம் பார்க்க வேண்டும். ஏழரை ஒன்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. மூன்றாம் சுற்றையும் தாண்டி நிம்மதியாக இருக்கும் தாத்தாக்கள், அம்மம்மாக்கள் எத்தனையோ பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

சாத்திரியாரிடம் போகும்போது

வெறுங்கையோடு போய் "எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். என் லக்கினத்துக்குச் சனி நல்லவரா, பாவியா? அவர் நிற்கும் வீடும் பார்க்கும் வீடுகளும் எவை? இப்போது நடக்கும் தசை, அதன் உட்பிரிவான புத்தி என்ன, எப்போது முடியும்? அட்டகவர்க்கத்தில் (ஒவ்வோர் இராசியிலும் கிரகத்தின் பலத்தைப் புள்ளியாக எண்ணும் கணக்கில்) மீனத்தில் சனிக்கு எத்தனை பரல், அதாவது புள்ளி? கடைசிக் கேள்வியைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். பன்னிரண்டு இராசியிலும் சேர்த்துச் சனிக்கு மொத்தம் 39 பரல். ஓர் இராசியில் நாலும் அதற்கு மேலும் இருந்தால் அந்த இராசியில் அவர் நடக்கும் காலம் அவ்வளவு உறுத்தாது.

நீலக்கல்லில் மட்டும் அவசரம் வேண்டாம். நீலம் எங்கள் நாட்டுக் கல், இரத்தினபுரிக் கல் உலகம் முழுக்கப் போகிறது, ஆசை வருவது இயல்பு. ஆனால் நீலம் அணிந்தால் சனியின் பலத்தைக் கூட்டும் என்பதுதான் சோதிடக் கணக்கு. அவர் உங்களுக்குப் பாவியாக இருந்தால் அந்தப் பலம் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று யோசியுங்கள். ஏழரை என்பதற்காக நீலம் போடச் சொல்கிறவரிடம் இரண்டாவது தரம் போகாதீர்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு யாகம், தோசம் கழிப்பு என்று தொகை சொல்லுகிறவரிடமும் அப்படித்தான். சனிக்கு வேண்டிய எள்ளும் எண்ணெயும் எந்த ஏழையாலும் வாங்கக்கூடியவை.

கோயிலில் சனிக்கிழமை

சிவன் கோயில்களிலும் அம்மன் கோயில்களிலும் நவக்கிரக சந்நிதி பொதுவாக வடகிழக்கு மூலையில் இருக்கும். வீட்டுக்குக் கிட்டிய கோயிலே போதும். அடிக்கடி போய்வர முடிகிற இடமாக இருப்பதுதான் முக்கியம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலால் ஏறும்போது அர்ச்சனைத் தட்டைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே உலாவும் புள்ளி மான்களுக்கு வாழைப்பழ வாசம் நன்றாகத் தெரியும், கிட்ட வந்து வெற்றிலையையும் சேர்த்து இழுத்துவிடும்.

முறை இதுதான். காலையில் தலை முழுகி, முதலில் பிள்ளையார், பிறகு மூலவர், அம்பாள். கோணேசரில் என்றால் கோணேசப் பெருமானையும் மாதுமை அம்பாளையும் கும்பிட்ட பிறகே கிரகங்களிடம் வர வேண்டும். கிரகங்கள் ஈசனின் ஆணைக்குள் நிற்பவர்கள், வரிசையை மாற்றக் கூடாது. நவக்கிரகங்களை ஒன்பது தரம் வலம் வாருங்கள். சனியின் நேர் எதிரே நின்று உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்று கும்பிடுவது வழக்கம். ஐயரிடம் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யலாம். நீலச் சங்குப்பூவும் வில்வமும் கொண்டுபோகலாம்.

வீட்டில் ஓத ஒன்று வேண்டும் என்றால் கோளறு பதிகத்தை விடச் சிறந்தது எனக்குத் தெரியாது. நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது திருமறைக்காட்டில் நின்று சம்பந்தர் பாடியது அது. சனி, இராகு, கேது உட்பட ஒன்பது கோளும் சிவனடியாருக்கு நல்லவையே என்று அடித்துச் சொல்லும் பதினொரு பாட்டு. எங்கள் கோணமலையைப் பாடியதும் அதே சம்பந்தர்தான் என்பது இந்த ஊர்க்காரருக்கு இன்னொரு நெருக்கம். ஆறுதலாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது.

புரட்டாதிச் சனி

தமிழ்நாட்டில் புரட்டாசிச் சனி பெருமாளுக்கு. எங்களுக்குப் புரட்டாதிச் சனி, சனீஸ்வரனுக்கே. சூரியன் கன்னியில் நிற்கும் மாதம், செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரை. அதில் வரும் நாலு அல்லது ஐந்து சனிக்கிழமையும் விரதம். கோயில்களில் கூட்டம் நெரியும், எண்ணெய்ப் புகையில் கண் எரியும், சின்னப் பிள்ளைகள் எள்ளுப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். வருடம் முழுக்கச் சனிக்கிழமை போக முடியாதவர் இந்த நாலைந்தையாவது விடாமல் பிடியுங்கள்.

எள்ளெண்ணெய் எரிப்பதற்குத் தேவையானவை கறுப்பு எள்ளு, ஒரு முழம் கறுப்புத் துணி, சிட்டி விளக்கு, நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமையே எள்ளைக் கழுவி, கல் பார்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் ஈர எள்ளு நெருப்பில் வெடித்துத் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவரின் கையிலும் படும். துணியை உள்ளங்கை அளவில் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு சிட்டிகை எள்ளு வைத்து நூலால் கட்டுங்கள். அந்தப் பொட்டலத்தை எண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சிட்டியில் எண்ணெய் ஊற்றி, பொட்டலத்தின் கட்டிய முனை மேலே இருக்கும்படி வைத்து ஏற்றினால் நின்று எரியும். மலையில் காற்று எப்போதும் வீசும் என்பதால் நெருப்புப்பெட்டி ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோங்கள். கோயிலில் இதற்கென்று வைத்திருக்கும் தகரத் தட்டில் அல்லது மேடையில் மட்டும் ஏற்றுங்கள். நைலோன் சேலை உடுத்தவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

அன்று ஒரு நேரச் சாப்பாடு, மரக்கறிதான். சமைத்ததில் முதற் பங்கு காகத்துக்கு. சோற்றில் எள்ளும் நல்லெண்ணெயும் பிசைந்து வாழையிலைத் துண்டில் வைத்து மதிலில் வைத்தால் ஒரு காகம் வந்து தலையைச் சரித்துப் பார்க்கும். தான் உடனே தின்னாது, கரைந்து மற்றதுகளைக் கூப்பிடும். அவை சாப்பிட்ட பிறகே வீட்டார் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை மட்டும் வைத்துவிட்டு மற்ற நாளில் கல்லெறிந்து துரத்துவது நல்லதல்ல.

இன்னொரு காரியம் செய்து பாருங்கள். சனி மீனத்தில் இருக்கும் இந்தச் சில வருடமும், கன்னியில் சூரியன் இருக்கும் புரட்டாதியில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிடுகிறார்கள். சோதிடத்தில் இதைச் சமசப்தமம் என்போம். வானத்தில் இதன் பொருள், சூரியன் மேற்கே விழும் நேரத்தில் சனி கிழக்கே எழுகிறார் என்பது. எங்கள் கடல் கிழக்கே பார்த்தது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையில் இரவு ஏழரை எட்டு மணிக்கு நின்று கிழக்கே பாருங்கள். மஞ்சள் கலந்த, மினுங்காத ஒரு புள்ளி கடலுக்கு மேலே தெரியும். பக்கத்தில் அவ்வளவு வெளிச்சமான நட்சத்திரம் வேறில்லை, தேடத் தேவையிருக்காது. 2026 இல் இந்த நேர் எதிர் நிலை ஒக்டோபர் 4. அதற்கு முதல் நாள் புரட்டாதிச் சனிக்கிழமை. கோயிலால் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போக இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தாங்கள் காலையில் கும்பிட்டவர் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் பயம் பாதி கழன்றுவிடும்.

நாள்தோறும் செய்யக்கூடியது

சனி உழைப்பாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் காரகர். ஆகவே அவருக்கான பரிகாரத்தில் பெரும்பகுதி கோயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. வீட்டில் மேசன் வேலை நடக்கிறதா, கூலியை அன்று பொழுதுபடுமுன் கொடுங்கள். விடியற்காலையில் வீதி கூட்டுகிறவருக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதையுங்கள். வீட்டில் இருக்கும் வயதானவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பதும் சனி வழிபாடுதான். தானம் செய்ய விரும்பினால் செருப்பு, குடை, போர்வை, நல்லெண்ணெய் என்று பயன்படும் பொருளாகக் கொடுங்கள். ஏழரை நடக்கும்போது புதுக்கடன் எடுக்காமல், யாருக்கும் பிணை கையெழுத்துப் போடாமல், பழைய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வந்தால் சனியோடு பாதி வழக்குத் தீர்ந்தது.

திருநள்ளாறு போக வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்ட தலம், போக வசதி இருந்தால் போய்வருவது பெரிய பாக்கியம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 இல் பயணிகள் கப்பல் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. நாகபட்டினத்திலிருந்து காரைக்கால் கிட்டத்தான், திருநள்ளாறு அதை அடுத்து. ஆனால் கடன் வாங்கிப் போக வேண்டாம். அங்கே போனாலும் குளித்த துணியைக் குளத்தில் விடாதீர்கள். எங்கள் பாவநாசத் தீர்த்தத்திலும் கடலிலும் அப்படித்தான், எண்ணெயையும் துணியையும் தண்ணீரில் போட எந்த விதியும் சொல்லவில்லை.

விரதத்தைப் பற்றி ஒரு கடைசிக் குறிப்பு. சலரோகக்காரர், கர்ப்பிணிகள், மருந்தைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியவர்கள் ஒரு நேர உணவு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மரக்கறிச் சாப்பாட்டை வேளைக்கு வேளை சாப்பிட்டுக்கொண்டே விரதம் இருக்கலாம். தீட்டு, மாதவிலக்கு, பயணம் என்று ஒரு சனி தப்பிப்போனால் அடுத்த சனியில் தொடருங்கள். வீட்டில் ஒருவர் போக முடியாவிட்டால் அவருடைய பெயர் நட்சத்திரத்தைச் சொல்லி மற்றவர் எண்ணெய் எரிக்கலாம், அர்ச்சனைத் துண்டிலும் அந்தப் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.